அக்கா வாபஸ் வாங்கவில்லை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் அக்காவின் தங்கை எழுதுவது. அட்டையைப் புரட்டியதும் கட்சித் தலைமையின் இரங்கல் செய்தி இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். செய்தி வந்தது உண்மைதான். நல்ல தாளில், முத்திரை போட்டு, ஆள் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் அதை அச்சிடவில்லை. அதில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘மாநிலத் தலைவர் தேர்தலில் தாமாகவே முன்வந்து வேட்புமனுவைத் திரும்பப் பெற்று, கட்சியின் ஒற்றுமையைக் காத்த பெருந்தகை.’

அது பொய். அக்கா வாபஸ் வாங்கவில்லை. உயிரோடு இருந்தவரை இந்தப் பொய்யை அவர் தலையில் கட்டி வைத்தார்கள். இப்போது அதையே மாலையாகக் கட்டிக்கொண்டு படத்துக்குப் போட வருகிறார்கள். உண்மையைத் தெரிந்துகொண்டு இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். ஏன் மூடினேன் என்பதையும் இதில் எழுதப் போகிறேன். கட்சியின் பெயர் இந்தக் கட்டுரையில் வராது. உங்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். அக்காவின் மலரில் அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

அக்கா பிறந்தது தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூரில். அப்பாவுக்கு மல்லிகையும் கனகாம்பரமும் போட்ட கொஞ்ச நிலம். அக்கா பள்ளிப் படிப்பை முடித்த வருடம் அப்பா இறந்துபோனார். அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. விடியும் முன்னே பூவைப் பறித்து, மூட்டை கட்டி, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். அந்தப் பூவில்தான் நான் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். நான் அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அக்கா கல்யாணத்துக்கே சம்மதித்தார். அத்தான் திண்டுக்கல்லில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். அக்கா மேடையில் பேசும்போது கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுவிட்டு, ‘மைக்கு சரியில்ல’ என்று மட்டும் சொல்வார். கல்யாணமான பிறகு நானும் பள்ளிக்குப் பக்கம் என்று அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

அக்காவை அரசியலுக்கு இழுத்தது தண்ணீர். எங்கள் ஊர்க் கிணறுகள் வாயில் வைக்க முடியாதபடி கெட்டுப்போன காலம். பெண்கள் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே, “ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கம்மா, பேசலாம்” என்றார். முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்து போய் ஜீப்பின் முன்னால் குடத்தை வைத்தார்.

“தண்ணி தூக்குறது நாங்க. பேசுறதுக்கு மட்டும் ஆம்பளையா? எறங்கி வாங்க சார், செத்த நேரம் வெயில்ல நில்லுங்க, பேசலாம்.”

அதிகாரி இறங்கினார். அடுத்த மாதமே கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் நிறுத்தினார்கள். ஜெயித்தார். பிறகு சட்டமன்றத்துக்கு நிறுத்தினார்கள். அதிலும் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் ஊர் ஊராக அவரோடு நடந்தவர் நத்தத்தைச் சேர்ந்த செல்லம்மாள். புளி வியாபாரம் செய்தவர். பேச்சில் காரம் அதிகம். அக்காவைத் தவிர வேறு யாருக்கும் அடங்க மாட்டார்.

எம்.எல்.ஏ.வாக இருந்த ஐந்து வருடமும் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு விடுவதற்கு இடம் இருக்காது. ஆஸ்பத்திரிக்கு, கல்லூரி சீட்டுக்கு, முதியோர் பென்ஷனுக்கு என்று சிபாரிசுக் கடிதம் கேட்டு வருவார்கள். ஒருமுறை ஆயக்குடியிலிருந்து ஒருவர் கொய்யாக் கூடையோடு வந்து, “ஏனுங்க, அம்மா இருக்காங்களா?” என்று தயங்கி நின்றார். அது எங்கள் தொகுதியே இல்லை. அக்கா கொய்யாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடிதம் கொடுத்தார்.

சட்டமன்றம் நடக்கும் நாட்களில்தான் சிக்கல். அக்கா சென்னையில் இருப்பார். இங்கே ஜனங்கள் வந்து காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுவார்கள். அதற்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். லெட்டர்பேடு தாள்களில் கீழே கையெழுத்து மட்டும் போட்டு, மேலே வெற்றிடமாக விட்டு, ஒரு கட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். பெரும்பாலான எம்.எல்.ஏ. வீடுகளில் நடப்பதுதான். வந்தவரின் தேவையைக் கேட்டு நான் மேலே எழுதிக் கொடுப்பேன். தட்டச்சு வேண்டும் என்பவர்களுக்குத் தாளையே கொடுத்துவிடுவேன், வெளியே அடித்துக்கொள்வார்கள். யாரையும் சந்தேகப்படும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. பதவி போன பிறகும் ஜனங்கள் வருவது நிற்கவில்லை. தாளில் ‘முன்னாள்’ என்ற சொல் சேர்ந்தது, அவ்வளவுதான். பீரோவில் கையெழுத்துத் தாள் எப்போதும் இருக்கும். சாவி என்னிடம் இருக்கும்.

பதவி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வேலை செய்தவருக்குச் சீட்டு இல்லை, கூட்டணிக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அதற்கு அடுத்த தேர்தலில், கட்சி எங்குமே ஜெயிக்காது என்று ஊருக்கே தெரிந்த நேரத்தில், கூப்பிட்டு நிற்கச் சொன்னார்கள். தோற்றார். தோற்ற மறுநாளே தெருத்தெருவாகப் போய் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொன்னார். ஜெயித்த காலத்தில்கூட இப்படிச் செய்த ஆள் எங்கள் மாவட்டத்தில் கிடையாது.

அதன் பிறகுதான் அந்த மாநிலத் தலைவர் தேர்தல் வந்தது. எங்கள் கட்சியில் அந்தப் பதவிக்குத் தேர்தல் என்று அறிவிப்பு வருமே தவிர, தேர்தல் நடந்ததே இல்லை. ஒரே ஒருவர் மனு போடுவார். மாலை ஆனதும் ‘ஒருமனதாகத் தேர்வு’ என்று வெடி வெடிப்பார்கள். ஆண்டாண்டாக அதுதான் வழக்கம். மாவட்டக் கூட்டத்தில் அக்கா எழுந்து, தானும் மனு போடப் போவதாகச் சொன்னார். மேடையில் இருந்த மாவட்டச் செயலாளர் சிரித்தார். கட்சிக்காரர்கள் அவரை ‘மாவட்டம்’ என்றுதான் அழைப்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ‘அவர்’ ‘இவர்’ என்று மரியாதையாக எழுதுவது அக்கா வளர்த்த வளர்ப்புக்காக, அந்த ஆளுக்காக அல்ல.

“என்னக்கா, தமாசு பண்றீகளா?” என்றார் மாவட்டம்.

“தேர்தல்னு நோட்டீசு போட்டது நீங்க. தமாசு நீங்கதான் பண்றீக” என்றார் அக்கா.

அக்காவின் மனுவை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர் செல்லம்மாள். அவர் மாநிலப் பொதுக்குழு உறுப்பினர். கையெழுத்துப் போட்டால் மாவட்டத்தைப் பகைத்துக்கொண்டு நத்தத்தில் கட்சி நடத்த முடியாது என்று தெரிந்தே போட்டார். மனுத் தாக்கல் ஆன நாளிலிருந்து அக்காவும் அத்தானும் அரசுப் பேருந்தில் மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். ஓட்டுப் போடும் பொதுக்குழு உறுப்பினர்களை வீட்டிலும் வயலிலும் கடையிலும் பார்த்துப் பேசினார்கள். கேலி செய்தவர்கள் இரண்டாவது வாரத்தில் கேலியை நிறுத்தினார்கள். தென்மாவட்டங்களில் பாதிப் பேருக்கு மேல் அக்கா பக்கம் வந்துவிட்டார்கள் என்று அத்தான் போனில் சொன்னார். மிகைப்படுத்திப் பேசும் மனிதர் அல்ல அவர். ஜெயித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. தேர்தல் நடந்திருக்கும். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

இனி நான் எழுதுவதைப் படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், மாவட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“டீச்சர், நத்தத்துச் செல்லம்மா மகளுக்கு நர்சிங் சீட்டு வேணுமாம். இன்னிக்கே லெட்டர் குடுத்தாத்தான் ஆகும்னு சொல்றாக. அதுக்கு அங்கிருந்து வர ஏலல, நான் இந்தப் பக்கம் வாரேன்னு எங்கிட்டச் சொல்லிவிட்டுச்சு.”

நான் தயங்கினேன். அவருக்கு அது தெரிந்தது.

“எங்களுக்குள்ள ஆயிரம் போட்டி இருக்கட்டும் டீச்சர். அதுக்காக ஒரு பொம்பளப்புள்ள படிப்பு கெடலாமா?”

நான் பீரோவைத் திறந்து ஒரு தாளை எடுத்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. எழுதிக் கொடுக்க நேரமில்லை, வெளியே அடித்துக்கொள்ளுங்கள் என்றேன். தாளின் தலைப்பில் அச்சாகியிருந்த பழைய தொலைபேசி எண்ணைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் புதிய எண்ணை என் கையால் எழுதிக் கொடுத்தேன். நர்சிங் கல்லூரியிலிருந்து கூப்பிட்டால் கிடைக்க வேண்டுமே என்று அவ்வளவு அக்கறை எனக்கு. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பெண் பிள்ளையின் படிப்பைச் சொன்னால் எங்கள் வீட்டில் மறுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார், பாவி.

மறுநாள் மதியம் அக்கா சென்னையில் ஒரு லாட்ஜில் பொதுக்குழு உறுப்பினர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தானின் போனுக்கு யாரோ கூப்பிட்டு, அக்கா வாபஸ் வாங்கிவிட்டதாக டி.வி.யில் ஓடுகிறது என்றார்கள். இருவரும் ஆட்டோ பிடித்துக் கட்சி அலுவலகத்துக்கு ஓடினார்கள். அங்கே நடந்ததை அத்தான் என்னிடம் சொன்னார். தேர்தல் நடத்திய பெரியவர் ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்திருக்கிறார். அக்காவின் லெட்டர்பேடு. உடல்நிலை காரணமாகவும் கட்சியின் ஒற்றுமை கருதியும் மனுவைத் திரும்பப் பெறுவதாகத் தட்டச்சு செய்திருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து.

“கையெழுத்து உங்களுதுதானம்மா?”

“கையெழுத்து என்னுது. லெட்டர் என்னுது இல்ல.”

“அப்ப இந்தத் தாள் வெளிய எப்படி வந்துச்சு? யாரு குடுத்தான்னு எழுதிக் குடுங்க. இப்பவே விசாரிக்கிறேன்.”

அக்கா பேனாவைக் கையில் எடுத்தாராம். கடிதத்தை இன்னொரு முறை பார்த்தாராம். மேலே அடித்து எழுதியிருந்த எண்ணைப் பார்த்திருப்பார். என் எழுத்தை அவருக்கா தெரியாது? பேனாவை மேசையில் வைத்துவிட்டு, “வாங்க போவோம்” என்று அத்தானைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவர்கள் படி இறங்கும்போது வெடி வெடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நானே பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்கா முகம் கழுவிவிட்டு வந்தார்.

“நீ கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்க. கட்சி லெட்டர்பேடு ஒங்கையில எப்படி வந்துச்சும்பான். 17பி மெமோ குடுப்பான். அம்புட்டுதான், வேலை போயிரும். அந்த வேலைக்காக நான் எம்புட்டுப் பூப் பறிச்சிருக்கேன், தெரியுமா பாப்பா?”

“அதுக்காக இந்தப் பழிய நீங்க சுமக்கணுமாக்கா?”

“பசிக்குது. வெஞ்சனம் என்ன வச்சிருக்க?”

அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானும் சோறு போட்டேன். மறுநாள் பள்ளிக்குப் போனேன். முதல் பாடவேளை நடத்தினேன். இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே வெறி வருகிறது.

அக்கா பணப்பெட்டி வாங்கிக்கொண்டு விலகிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்சிப் பத்திரிகையில் பெருந்தன்மை என்று எழுதினார்கள், டீக்கடையில் பெட்டி என்று பேசவிட்டார்கள். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. வீட்டு வாசலில் செருப்புகள் குறைந்தன. செல்லம்மாள் வருவதை நிறுத்திவிட்டார். அக்காவின் மகன் அப்போது கல்லூரியில் இருந்தான். விடுதியில் அவன் அறைக் கதவில் சூட்கேஸ் படம் வரைந்து வைத்தார்களாம். அவன் அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா அவனிடமும் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு அடுத்த தேர்தலில் எம்.எல்.ஏ. சீட்டு கிடைத்தது. வேறு எதற்காகக் கிடைத்தது என்று யாராவது எனக்கு விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஓய்வு பெற்றேன். பென்ஷன் வந்தது. ஓய்வு பெற்ற மறுநாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தான் இறந்தார். அப்போதும் சொல்லவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியது. நாற்காலியில் சாய்ந்தபடி குழாய்களோடு நாலு மணி நேரம் கிடப்பார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களுக்கு எந்த அலுவலகத்தில் என்ன மனு கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள் நான், “அக்கா, இனிமே எனக்கு என்ன பயம், சொல்லிர்றேன்க்கா” என்றேன். “இப்பச் சொல்லி நான் என்ன தலைவராவா போறேன்?” என்று கண்ணை மூடிக்கொண்டார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு நானும் இருந்துவிட்டேன். அந்த இரண்டு வருடத்தில் கட்சியிலிருந்து ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

செத்த அன்று மட்டும் கார் காராக வந்தார்கள். கொடி போர்த்தினார்கள். மாவட்டம் மயானத்தில் மைக் பிடித்து, பதவியைத் துச்சமாக மதித்து விட்டுக்கொடுத்த தியாகி என்று பேசினார். குரல் தழுதழுத்தது. நான் அங்கேதான் நின்றேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

இந்த மலர் வேலை தொடங்கியபோது அந்த இரங்கல் செய்தி வந்தது. அதை முதல் பக்கத்தில் போட்டால் தலைமையிலிருந்தே ஒருவர் வந்து மலரை வெளியிடுவார் என்றார்கள். அக்காவின் மகன், “அம்மாவுக்கு ஒரு மரியாதைன்னு வருது சித்தி, போட்டுருவோமே” என்றான். அன்றைக்குத்தான் என் வாய் திறந்தது. எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “எங்கிட்டகூடச் சொல்லலையே சித்தி எங்கம்மா” என்று மட்டும் சொன்னான். செய்தியை உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினான். “நீங்க எழுதுங்க. நான் அச்சடிக்கிறேன்” என்றான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். டயாலிசிஸ் பிரிவில் அக்காவைத் தங்கள் தாயைப்போலப் பார்த்துக்கொண்ட செவிலியர் சகோதரிகளுக்கு நன்றி. மழையோ வெயிலோ சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. காரியத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் பந்தி போட்டு, தான் கடைசியில் சாப்பிட்ட எதிர்வீட்டு மேரி மதினிக்கு நன்றி. எந்தக் கட்சியையும் கேட்காமல் அக்காவின் பாடையைத் தோளில் சுமந்த தாடிக்கொம்பு உறவினர்களுக்கு நன்றி. மாவட்டத்துக்கும் இந்த மலரில் ஒரு பிரதி தபாலில் போகிறது. மறுப்பதாக இருந்தால் மறுக்கட்டும், வழக்குப் போடுவதாக இருந்தால் போடட்டும். தாள் கொடுத்தவள் நான்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல நான் தயார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நத்தத்துக்குப் போனேன். தன் மகளின் பெயரைச் சொல்லித்தான் தாள் வாங்கிப் போனார்கள் என்பது செல்லம்மாளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? புளி உடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கை நின்றுவிட்டது.

“எம்மக நர்சிங்கே கேக்கல டீச்சர். அவ அப்ப எட்டாப்புப் படிச்சா” என்றார் கடைசியில். பிறகு, இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வாபஸ் செய்தி வந்த மறுவாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தாராம். கூட்டத்துக்கு நடுவில் வழி மறித்து, எங்களை எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று சத்தம் போட்டுக் கேட்டாராம். நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

“அக்கா என்ன சொன்னாக?” என்று கேட்டேன்.

“நத்தம் வண்டி வந்துருச்சு, ஏறு செல்லம்மா, எடம் போயிரும்னாக.”

செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அதையும் எழுது டீச்சர். அந்த நாயிக செஞ்சத மட்டும் எழுதாத. நான் கேட்டதையும் எழுது. எம்பேரப் போட்டே எழுது.”